இரவல் குடையின் பிடி

2023 ஜூலை மாதம் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் கறுப்பாக, நீளமாக ஒரு கப்பல் வந்து நின்றது. பெயர் யுஎஸ்எஸ் கென்டக்கி. ஏறக்குறைய 170 மீட்டர் நீளம். அணுகுண்டு பொருத்திய டிரைடன்ட் ஏவுகணைகளைச் சுமக்கும் ஓஹையோ வகை அமெரிக்க நீர்மூழ்கி. இந்த ரகக் கப்பல் கொரியத் துறைமுகத்துக்கு வருவது 1981க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 19ஆம் தேதி அன்றைய தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் நேரில் வந்து உள்ளே இறங்கிச் சுற்றிப் பார்த்தார். அதே நாள் விடியற்காலையில் வடகொரியா இரண்டு குறுந்தூர ஏவுகணைகளைக் கிழக்குக் கடலில் போட்டிருந்தது. அவை பறந்த தூரம் சுமார் 550 கிலோமீட்டர். ஏவிய இடத்திலிருந்து பூசானுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட அதேதான்.

கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தக் கப்பல் அங்கே வந்ததே வேடிக்கை. இவ்வகை நீர்மூழ்கிக்கு இருக்கிற ஒரே பலம், அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பது. கடலுக்கடியில் எங்கோ மூச்சுக் காட்டாமல் கிடந்தபடி, ‘எங்களை அழித்தாலும் திருப்பி அடிக்க ஒருவன் மிச்சம் இருப்பான்’ என்று எதிரியை நினைக்கவைப்பதுதான் அதன் வேலை. அப்படிப்பட்டதைக் கரைக்குக் கொண்டுவந்து, கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துவதால் போர்த்தந்திர ரீதியில் ஒரு லாபமும் கிடையாது. வடகொரியாவை அடிக்க அது பூசானுக்கு வரத் தேவையில்லை. பசிபிக்கின் நடுவிலிருந்தே அடிக்கும். அப்படியானால் அது வந்தது யாருக்காக? எதிரிக்காக அல்ல, கூட்டாளிக்காக.

1960களில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி இதை ஒரு கணக்காகவே சொல்லிவைத்தார். அமெரிக்கா திருப்பி அடிக்கும் என்பதில் ஐந்து சதவீத நம்பகத்தன்மை இருந்தால் போதும், ரஷ்யர்கள் அடங்கிவிடுவார்கள். ஐரோப்பியர்களைச் சமாதானப்படுத்தத்தான் தொண்ணூற்றைந்து சதவீதம் தேவைப்படுகிறது. தன்னிடம் அணுகுண்டு இல்லாத ஒரு நாடு, குண்டு வைத்திருக்கும் பெரிய நாட்டின் வாக்குறுதியை நம்பிப் படுத்துத் தூங்குகிற ஏற்பாட்டுக்கு ‘அணுக்குடை’ என்று பெயர். கொரியர்களும் ‘ஹேக் உசான்’ என்கிறார்கள். அதே அணு, அதே குடை. குடை என்றதும் நமக்கு வெண்கொற்றக்குடை நினைவுக்கு வரும். அந்த நிழலுக்குள் வந்த சிற்றரசன் திறை கட்ட வேண்டும், படை அனுப்ப வேண்டும், பேரரசனைக் கேட்காமல் பக்கத்து நாட்டின் மீது பாயக் கூடாது. தென்கொரியாவின் எழுபது ஆண்டுக் கதையில் இந்த மூன்றும் உண்டு. கூடவே நான்காவதாக ஒன்றும் உண்டு: சிற்றரசன் அவ்வப்போது அடம்பிடித்துத்தான் நிழலைப் பெரிதாக்கிக்கொள்கிறான்.

முதல் அடத்தைப் பிடித்தவர் சிங்மன் ரீ. 1953இல் கொரியப் போரை முடிக்க அமெரிக்காவும் சீனாவும் வடகொரியாவும் போர்நிறுத்தத்துக்கு ஒத்துவந்துகொண்டிருந்த நேரத்தில் தென்கொரிய அதிபரான ரீ மட்டும் மாட்டேன் என்றார். நாடு இரண்டாகக் கிடக்க, அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் தன் கதி என்ன என்பது அவர் பயம். ஜூன் 18 அன்று, யாரிடமும் சொல்லாமல், சிறைமுகாம்களின் கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார். கம்யூனிசத்துக்கு எதிரானவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட சுமார் 27,000 வடகொரியக் கைதிகள் ஊருக்குள் கலந்து மறைந்தார்கள். பேச்சுவார்த்தையே கவிழ்ந்துவிடும் நிலை. ரீயைப் பதவியிலிருந்து தூக்கிவிடலாமா என்று அமெரிக்க ராணுவம் ஒரு திட்டமே போட்டு வைத்திருந்தது, பின்னாளில் வெளியான ஆவணங்களில் அது இருக்கிறது. கடைசியில் தூக்கவில்லை. சியோலுக்குத் தூதரை அனுப்பி இரண்டு வாரத்துக்கு மேல் பேசினார்கள். ரீ போர்நிறுத்தத்தில் கையெழுத்திடவில்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது பொருளுதவி, படைப் பெருக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக 1953 அக்டோபர் 1 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம்.

(இடையே ஒரு செய்தி. ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமையிலான குழுவுக்கு வந்தது. இந்தியச் சிப்பாய் ஒருவன்கூடத் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ரீ பிடிவாதம் பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி நேராக எல்லைப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இரண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்று சொன்ன 88 பேர் அந்தப் படையோடு 1954இல் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள்.)

ஒப்பந்தம் மொத்தமே ஆறு பிரிவுகள்தான். முக்கியமானது மூன்றாவது. தாக்குதல் வந்தால் இரு நாடுகளும் ‘தத்தம் அரசியலமைப்பு நடைமுறைகளின்படி’ பொது ஆபத்தை எதிர்கொள்ளும் என்கிறது. ரீ கேட்டது தானாகவே களமிறங்கும் உறுதி. கிடைத்தது, எங்கள் நாடாளுமன்றத்தைக் கேட்டுச் செய்கிறோம் என்ற உறுதி. அமெரிக்க செனட் இன்னொரு விளக்கத்தையும் சேர்த்தது: வெளியிலிருந்து தாக்கினால் மட்டும்தான் உதவி. அதாவது ரீ வடக்கே படையெடுத்துப் போய் மாட்டிக்கொண்டால் பொறுப்பு எங்களுடையதல்ல. ஆறாவது பிரிவின்படி, ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட இதைவிட இறுக்கமான வரிகளைப் பார்த்திருக்கிறேன்.

சமமில்லாத இருவர் கூட்டுச் சேர்ந்தால் இரண்டு பயங்கள் சேர்ந்தே வருகின்றன. சின்னவனுக்கு, நேரம் வரும்போது பெரியவன் கைவிட்டுவிடுவானோ என்று. பெரியவனுக்கு, சின்னவன் தனக்கு வேண்டாத சண்டையில் தன்னை இழுத்துவிடுவானோ என்று. ஒன்றைக் குறைக்கப்போனால் மற்றது கூடும். வாக்குறுதியை இறுக்கினால் சின்னவனுக்குத் துணிச்சல் வரும், தளர்த்தினால் அவன் தூக்கம் போகும். அமெரிக்கா கண்டுபிடித்த வழி, சேனையின் லகானையே தன் கையில் வைத்துக்கொள்வது. 1950 ஜூலையில், போர் தொடங்கிய மூன்றே வாரத்தில், தன் படைகளின் கட்டளை அதிகாரத்தை ரீ ஜெனரல் மக்ஆர்தரிடம் ஒப்படைத்தார். அமைதிக்கால அதிகாரம் 1994 டிசம்பரில்தான் திரும்பியது. போர்க்கால அதிகாரம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. போர் மூண்டால் இரு நாட்டுக் கூட்டுப் படைத் தலைமையகம்தான் படைகளை நடத்தும். அதன் தலைவர் நான்கு நட்சத்திர அமெரிக்க ஜெனரல். 2012இல் தருவதாக ஒரு தடவை, 2015இல் தருவதாக மறு தடவை, பிறகு ‘நிபந்தனைகள் கனியும்போது’ என்று தள்ளிப்போனது. உலகின் முன்னணிப் பொருளாதாரங்களில் ஒன்றான நாட்டின் நிலை இது. தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டதில் சியோலுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கட்டளை அமெரிக்கன் கையில் இருக்கும்வரை அவன் ஓடிப்போக முடியாது என்பது அங்குள்ள பழமைவாதிகளின் கணக்கு.

அணுகுண்டுகள் கொரியாவுக்கு வந்தது 1958 ஜனவரியில். ஹானஸ்ட் ஜான் ராக்கெட்டுகள், 280 மில்லிமீட்டர் அணு பீரங்கிகள். தென்கொரியாவின் பெரிய சேனைக்குச் சம்பளம் கொடுப்பதைவிடக் குண்டு மலிவு என்று ஐசன்ஹோவர் அரசு நினைத்தது. புதிய ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்ற போர்நிறுத்தப் பிரிவை முந்தைய ஆண்டே தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்துவிட்டது. 1967 வாக்கில் தீபகற்பத்தில் ஏறக்குறைய 950 அணு ஆயுதங்கள் இருந்தன. அவற்றைச் சுடும் முடிவில் சியோலுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அவை ஒரு சில்லறைச் சண்டையைக்கூட நிறுத்தவில்லை. 1976 ஆகஸ்ட் 18 அன்று, இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜோம் கூட்டுப் பாதுகாப்புப் பகுதியில், காவற்சாவடியை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்ட ஆட்கள் போனார்கள். வடகொரியச் சிப்பாய்கள் வந்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. வெட்டக் கொண்டுபோன கோடரிகளைப் பிடுங்கியே இரண்டு அமெரிக்க அதிகாரிகளை அடித்துக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து அதே மரத்தை வெட்ட அமெரிக்கப் பொறியியல் படை இயந்திர ரம்பத்தோடு போனது. துணைக்கு தென்கொரியச் சிறப்புப் படை, வானத்தில் ஹெலிகாப்டர்கள், அவற்றுக்கும் மேலே பி-52 குண்டு விமானங்கள். ஒரு மரத்தை வெட்ட உலகத்தின் பாதி ஆயுதம். முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அடிமரத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், வடக்கத்தியர் தினமும் பார்க்கட்டும் என்று.

மரம் வெட்டப்பட்ட அந்தக் காலத்தில் சியோலில் வேறொரு நாடகமும் நடந்துகொண்டிருந்தது. 1969இல் குவாம் தீவில் நிக்சன், ஆசிய நாடுகள் இனித் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். வியட்நாமுக்குத் தென்கொரியா மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை அனுப்பி, சுமார் 5,000 பேரைப் பறிகொடுத்திருந்தது. அதற்குக் கைம்மாறாக 1971இல் அமெரிக்காவின் ஏழாவது காலாட்படைப் பிரிவு, ஏறக்குறைய 20,000 பேர், கொரியாவை விட்டுக் கிளம்பியது. அதிபர் பார்க் சுங் ஹீ மிரண்டு, ரகசியமாக அணுகுண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். பிரான்சிடமிருந்து புளூட்டோனியம் பிரித்தெடுக்கும் ஆலையை வாங்கப் பேச்சு நடந்தது. 1974 மே மாதம் பொக்ரானில் இந்தியா வெடித்துக் காட்டியதும், மின்சாரத்துக்கு என்று வாங்கும் தொழில்நுட்பம் எங்கே போய் முடியும் என்று வாஷிங்டன் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது. பார்க் வசமாக மாட்டினார்.

அமெரிக்கா துப்பாக்கியைக் காட்டவில்லை, கடன் புத்தகத்தைக் காட்டியது. கட்ட இருந்த அணு உலைக்கான ஏற்றுமதி வங்கிக் கடன் நின்றுபோகும். உறவு மொத்தத்தையும் மறுபரிசீலனை செய்ய நேரும். பார்க் இறங்கிவந்தார். 1975 ஏப்ரலில் தென்கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஏற்றது, 1976 தொடக்கத்தில் பிரெஞ்சு ஆலை ரத்தானது. ஆனால் இறங்கும்போதே ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார். அணுக்குடையை எடுத்துவிட்டால் சொந்தக் குண்டு செய்வதைத் தவிர வழியில்லை என்று 1975 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தரைப்படையை முழுதாகத் திரும்பப் பெறுவேன் என்று வந்த கார்ட்டர், பாதியிலேயே திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. 1978இல் இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களின் கூட்டறிக்கையில் ‘அணுக்குடை’ என்ற சொல் முதன்முறையாக அச்சில் ஏறியது.

இதே பாணி 2006இலும் தொடர்ந்தது. வடக்கு முதல் அணுச்சோதனை செய்ததும், அடுத்த கூட்டறிக்கையில் ‘நீட்டிக்கப்பட்ட தடுப்பு’ என்ற இன்னொரு சொல்லும் சேர வேண்டும் என்று சியோல் கேட்டு வாங்கியது. கூட்டணிகளில் சொற்கள்கூடச் சொத்துதான்.

குண்டுகள் மட்டும் மண்ணில் இல்லை. 1991 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் (மூத்தவர்) உலகெங்கும் உள்ள தரைவழிக் குறுந்தூர அணு ஆயுதங்களை வாபஸ் பெற்றார், அந்த டிசம்பரில் நாட்டில் ஒரு குண்டும் இல்லை என்று அதிபர் ரோ டே வூ அறிவித்தார். அன்றிலிருந்து குடை கண்ணுக்குத் தெரியாத குடை: குவாமில் விமானம், கடலில் நீர்மூழ்கி, அமெரிக்க மண்ணில் ஏவுகணை.

வடக்கின் கை நீளாதவரை இது ஓடியது. 2017இல் வடகொரியா அமெரிக்காவையே எட்டக்கூடிய ஏவுகணைகளை ஏவிக் காட்டியதும் பழைய கேள்வி ஒன்று உயிர்பெற்றது. பாரிசுக்காக நியூயார்க்கைப் பலிகொடுப்பீர்களா என்று 1961இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் கென்னடியிடம் கேட்டது அது. டி கோல் பதிலுக்குக் காத்திருக்காமல் சொந்தக் குண்டை வைத்துக்கொண்டார். சியோலில் இப்போது பாரிசுக்குப் பதில் சியோல், நியூயார்க்குக்குப் பதில் லாஸ் ஏஞ்சலிஸ். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ‘தெரியாது’ என்பதுதான், எந்த அமெரிக்க அதிபரும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. 2022இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் தென்கொரியர்களில் 71 சதவீதம் பேர் சொந்த அணு ஆயுதம் வேண்டும் என்றார்கள்.

எல்லையின் அந்தப் பக்கம் இதே கேள்விக்கு வேறு விடை எழுதப்பட்டது. 1961 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் சோவியத் ஒன்றியத்தோடும் சீனாவோடும் கிம் இல் சுங் தற்காப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். ரீ கேட்டும் கிடைக்காத உறுதி அந்த ஏட்டில் இருந்தது: தாக்கப்பட்டால் உடனே ராணுவ உதவி. மறு ஆண்டே கியூபாவிலிருந்து குருஷ்சேவ் ஏவுகணைகளைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்த கிம், பெரியண்ணன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அப்போதே எடைபோட்டிருப்பார். 1990 செப்டம்பரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்ஸே பியோங்யாங்குக்கு வந்து, தென்கொரியாவை அங்கீகரிக்கப் போகிறோம் என்றார். கூட்டணியை நம்பி இதுவரை செய்யாமல் இருந்த ஆயுதங்களை இனி நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் வடக்கு பதில் சொன்னது. 2006இலிருந்து 2017க்குள் ஆறு சோதனைகள் நடத்தியது. சொந்தக் குடை வந்த பிறகு பேரமே மாறிவிட்டது. 2024 ஜூனில் புடின் பியோங்யாங் சென்று புதிய பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்முனையில் உக்ரைனை எதிர்த்து நின்றார்கள். பெரிய நாட்டுக்குச் சின்ன நாடு ஆள் அனுப்பியது.

தெற்கு அந்த வழியில் போகாமல் இருப்பதற்குக் கொள்கைப் பிடிப்பு மட்டும் காரணமல்ல. நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவு அணு உலைகளிலிருந்து வருகிறது, எரிபொருள் வெளியிலிருந்து வருகிறது. பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து மூன்று மாத அறிவிப்பில் விலகலாம்தான். விலகிய மறுநாள் யுரேனியம் நின்றுபோகும், தடைகள் வரும், கப்பலும் காரும் சிப்பும் விற்றுப் பிழைக்கும் நாட்டால் அதைத் தாங்க முடியாது. ஆகவே செய்யாமல் பேசுகிறார்கள். 2023 ஜனவரியில் யூன், நிலைமை மோசமானால் சொந்தமாகவே அணு ஆயுதம் வைத்துக்கொள்ள முடியும் என்று ஒரு கூட்டத்தில் போட்டு உடைத்தார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 26 அன்று வெள்ளை மாளிகையில் ‘வாஷிங்டன் பிரகடனம்’ கிடைத்தது. ரீ கைதிகளைத் திறந்துவிட்டார், பார்க் ஆலை வாங்கப் போனார், யூனுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

பிரகடனத்தில் இருப்பது என்ன? இரு நாட்டு அணு ஆலோசனைக் குழு ஒன்று, கென்டக்கி போன்ற கப்பல்களின் வருகை, கொரியத் தீபகற்பத்தில் அணு ஆயுதம் பயன்படுத்த நேர்ந்தால் சியோலிடம் கலந்தாலோசிக்க ‘எல்லா முயற்சியும்’ எடுப்போம் என்ற வாசகம். முயற்சிதான், கடமை அல்ல. பதிலுக்கு சியோல் பரவல் தடை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருப்போம் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்தது. நடைமுறையில் இது அணு ஆயுதப் பகிர்வு மாதிரிதான் என்று யூனின் அதிகாரி ஒருவர் பெருமையாகச் சொல்ல, அப்படி நாங்கள் கருதவில்லை என்று வாஷிங்டன் உடனே திருத்தியது. ஐரோப்பாவில் ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் அமெரிக்க குண்டுகள் உள்ளபடியே இருக்கின்றன, அந்நாட்டு விமானிகள் அவற்றைப் போடப் பயிற்சியும் எடுக்கிறார்கள். பூட்டின் சாவி மட்டும் அங்கேயும் அமெரிக்க அதிபரிடம்.

திறைக் கணக்குக்கு வருவோம். பியோங்தேக்கில் உள்ள ஹம்ஃப்ரீஸ் முகாம் வெளிநாட்டில் அமெரிக்காவுக்கு இருக்கும் மிகப் பெரிய ராணுவத் தளம். அதைக் கட்ட ஆன சுமார் 1,080 கோடி டாலரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கொரியப் பணம். இது தவிர, அங்கிருக்கும் 28,500 அமெரிக்கப் படையினருக்காக ஆண்டுதோறும் ஒரு தொகை. டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது அதை ஒரேயடியாக ஐந்து மடங்காக்கி 500 கோடி டாலர் கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில், 2020 ஏப்ரலில் முகாம்களில் வேலை பார்த்த சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சமையற்காரர், எலக்ட்ரீஷியன், எழுத்தர். அணுத் தடுப்பு பற்றிய நூறு ஆய்வுரைகளில் இவர்கள் யாரும் வருவதில்லை. 2026க்கான தொகை 1.52 லட்சம் கோடி வொன் என்று 2024 அக்டோபரில் முடிவானது.

பணமாக வராத திறையும் உண்டு. 2016இல் தாட் ஏவுகணை எதிர்ப்புச் சாதனத்தை நிறுவ ஒத்துக்கொண்டதும், அமெரிக்க ரேடார் தன்னை வேவு பார்க்கும் என்று சொல்லிச் சீனா பழிவாங்கியது. இடம் கொடுத்த லாட்டே நிறுவனத்தின் சீனக் கடைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. சுற்றுலாக் கூட்டம் நின்றது. சாதனம் வந்த சோங்ஜு, மஞ்சள் முலாம்பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கே பழ விவசாயிகள் மாதக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். திமிங்கலங்கள் சண்டையிட்டால் இறாலின் முதுகு உடையும் என்பது கொரியப் பழமொழி.

கைகளைக் கட்டிப்போடுவதும் நடந்தது. 2010இல் தென்கொரியாவின் சோனான் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் யோன்பியோங் தீவின் மீது வடக்கு பீரங்கியால் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். சியோல் முதலில் போட்ட பதிலடித் திட்டம் அளவுக்கு மீறியதாக இருந்தது என்றும், பல நாள் தொலைபேசியில் பேசித் தணித்தோம் என்றும் அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிற்பாடு சொன்னார். அணுக்குடை பெருமழைக்குத்தான். தூறலில் நனைவது சின்னக் கூட்டாளியின் பாடு. அதற்காகக் கோபப்படவும் அனுமதி வாங்க வேண்டும்.

கலந்தாலோசிக்க வேண்டும் என்று அவ்வளவு போராடி வாங்கிய யூன், 2024 டிசம்பர் 3 இரவு நாட்டில் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது வாஷிங்டனுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அணு ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டம் அதே வாரம் நடப்பதாக இருந்தது, தள்ளிவைத்தார்கள். யூன் பதவி இழந்தார், 2025 ஜூனில் லீ ஜே மியோங் வந்தார். அக்டோபரில் கியோங்ஜு நகரத்துக்கு வந்த டிரம்புக்கு லீ கொடுத்த பரிசு, பண்டைய சில்லா அரசின் தங்க மகுடம் ஒன்றின் நகல். அந்தச் சந்திப்பில் லீ கேட்டது அணுகுண்டை அல்ல, அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள். டிரம்ப் சரி என்றார். மறுநாளே, கப்பலை பிலடெல்பியாவில், கொரிய நிறுவனமான ஹன்வா வாங்கிய தளத்தில் கட்டுவார்கள் என்று எழுதினார். எங்கள் நாட்டிலேயே கட்டுவோம் என்கிறது சியோல். எங்கே கட்டினாலும் அதில் ஊற்றும் எரிபொருளுக்கு வாஷிங்டன் கையெழுத்து வேண்டும்.